ஊசியா, கத்தியா? முகச் சிகிச்சைக்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

தோல் மருத்துவமும் பிளாஸ்டிக் சர்ஜரியும் சேர்ந்த ஒரு பிரிவில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன், வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுப்பது என் வேலை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் முகத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

போட்டாக்ஸ், ஃபில்லர், த்ரெட், ஃபேஸ்லிஃப்ட் எல்லாம் ஒண்ணுதானா சிஸ்டர்?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. போட்டாக்ஸ், தசையைத் தளர்த்தும் ஊசி. ஃபில்லர், குழிந்த இடத்தை நிரப்பும் ஜெல். த்ரெட் என்பது தோலுக்கு அடியில் செலுத்தி மேலே இழுத்துப் பிடிக்கும் நூல். லேசரும், அமிலம் தடவி மேல்தோலை உரிக்கும் பீலும் தோலின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும். ஹைஃபு என்ற ஒலியலைக் கருவியும் ரேடியோ அலைக் கருவிகளும் தோலுக்கு அடியில் சூடு கொடுத்து இறுக வைக்கும். இவற்றில் எதற்கும் கத்தி கிடையாது. தொங்கிய முகத்தைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் மட்டும்தான் ஆபரேஷன்.

"கத்தியில்லா ஃபேஸ்லிஃப்ட்", "லிக்விட் ஃபேஸ்லிஃப்ட்" என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். மேலே சொன்ன ஊசிகளையும் கருவிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த பெயர்கள்தான் அவை. பெயரில் லிஃப்ட் இருப்பதால் ஆபரேஷன் செய்யும் வேலையை இவையும் செய்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டி, பிறகு வருத்தப்பட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகம் ஏன் தொங்குது? தோல் தளர்ந்துபோறதுதானே?

தோல் ஒரு பங்குதான். வயதாக ஆக முகத்தின் எலும்பே கொஞ்சம் கரைகிறது. கண்குழி அகலும், மேல்தாடையும் கீழ்த்தாடையும் சிறுக்கும். எலும்பின் மேல் தனித்தனிப் பொதிகளாக இருக்கும் கொழுப்பில் சில வற்றும், சில கீழே இறங்கும். இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் நெகிழும். கடைசியாகத்தான் தோல். பஞ்சு குறைந்த தலையணையில் உறை தளர்ந்து தெரிவது போலத்தான் இதுவும்.

தோலுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் வயதோடு மெல்லக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை குறையலாம். "போன வருஷம் வரை நல்லாத்தான் இருந்தேன், திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்று 50 வயதை ஒட்டியவர்கள் சொல்லும்போது அது பிரமை இல்லை.

வெளியிலிருந்து வரும் காரணங்களில் வெயில்தான் பெரியது. 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான படம் நினைவுக்கு வருகிறது. 28 வருடம் வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கமாக இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, சுருங்கி, தொங்கிப்போயிருந்தது. முகம் ஒன்றுதான், இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு வயது.

எனக்கு எது தேவைன்னு நானே வீட்டில கண்டுபிடிக்க முடியுமா?

முழுதாக முடியாது. ஆனால் உங்கள் குறை எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். அது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். கண்ணாடி முன் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். புருவத்தைச் சுருக்குங்கள், சிரியுங்கள். அப்போது மட்டும் கோடு வந்து, முகத்தைத் தளர்த்தியதும் மறைந்தால் அது தசையால் வரும் கோடு. தளர்த்திய பிறகும் மாறாமல் கண்ணுக்குக் கீழோ கன்னத்திலோ நிழல் விழுந்தால் அது குழிவு. நிறத்திட்டு, நுண்கோடு, துளைகள் போன்றவை மேற்பரப்பின் குறை.

அடுத்து, ஒரு கைக்கண்ணாடியோடு மல்லாந்து படுத்து முகத்தைப் பாருங்கள். எழுந்து உட்கார்ந்து அதே கண்ணாடியில் மறுபடியும் பாருங்கள். படுக்கும்போது தாடைக்கோடு சீராகத் தெரிந்து, உட்கார்ந்ததும் தாடையோரத்தில் சதை வழிந்தால் அது தொங்கல். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து மெதுவாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். அரை விரல்கடை நகர்த்தியதிலேயே திருப்தி என்றால் தொங்கல் லேசானது. நிறைய இழுத்தால்தான் தாடையும் கழுத்தும் சரியாகிறது என்றால், அந்த அளவு நகர்வை எந்த ஊசியும் தராது.

கோடு, குழிவு, மேற்பரப்பு, தொங்கல். இந்த நான்கில் உங்களை உறுத்துவது எது என்று முதலில் பெயர் வையுங்கள். என் அனுபவத்தில், ஏமாந்து போனவர்களில் பலர் மோசமான சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. தங்கள் குறைக்குச் சம்பந்தமில்லாத நல்ல சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

போட்டாக்ஸ் விஷமாமே? அதைப்போய் முகத்தில போடலாமா?

ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சுதான் அது. அளவு அதிகமானால் உயிருக்கே ஆபத்து. அழகுக்காகப் போடும் அளவு மிக மிகச் சிறியது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் தகவலை அந்த இடத்தில் மட்டும் தற்காலிகமாகத் தடுக்கும். இது முதலில் கண் வைத்தியத்துக்கு வந்த மருந்து. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவரான ஜீன் கேரதர்ஸ் இமைத் துடிப்புக்கு இதைப் போட்டபோது, புருவ நடுவில் இருந்த கோடுகளும் மறைவதைக் கவனித்தார். அவரும் தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டேரும் 1992-ல் அதைப் பதிவு செய்தார்கள். புருவக் கோடுகளுக்கான அமெரிக்க அனுமதி 2002-ல் வந்தது.

போட்ட சில நாட்களில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் கலையும். நிறுத்தினால் முகம் முன்பைவிட மோசமாகுமா என்று கேட்பார்கள். ஆகாது, பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் இமை தாழ்ந்துபோவது உண்டு. சில வாரங்களில் தானாகச் சரியாகும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொங்கலுக்கும் போட்டாக்ஸுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கன்னத்தில ஃபில்லர் போட்டா தாடைத் தொங்கல் தூக்கிடும்னு சொன்னாங்களே?

கொஞ்சம் தூக்கும். கன்னம் வற்றியதால் லேசாக இறங்கிய முகத்துக்கு, வற்றிய இடத்தில் அளவாக நிரப்பினால் கீழே ஓரளவு தாங்கல் கிடைக்கும். தாடையோரத் தொங்கலுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தை நிரப்பினால் கோடு நேராகத் தெரியும். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களில் பலருக்கு இது போதும். நன்றாகவும் இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தொங்கல் கூடக்கூட அதை மறைக்க ஃபில்லரும் கூட வேண்டியிருக்கும். தளர்ந்த பைக்குள் பொருளைத் திணித்தால் பை நிரம்பும். மேலே ஏறாது. முகம் அகலமாகி, கன்னம் பந்து போல் ஆகி, சிரிக்கும்போது கண் சிறுத்துவிடும். இளமையாகவும் தெரியாது, வயதாகவும் தெரியாது, வேறு யாரோ போல் தெரியும். போதும் என்று நிறுத்தச் சொல்லும் டாக்டர் உங்களுக்குக் கிடைத்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

பரவலாகப் பயன்படுவது ஹயலூரானிக் அமில ஃபில்லர். அந்தப் பொருள் நம் உடம்பிலேயே இருக்கிறது. பொதுவாக 6 முதல் 18 மாதம் தாங்கும் என்பார்கள். சிலருக்கு அதைவிட நீண்ட காலம் உள்ளேயே தங்குவதும் உண்டு. அதனால் "கரைந்திருக்கும்" என்ற ஊகத்தில் மேலே மேலே போடக்கூடாது. பிடிக்காவிட்டால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். கால்சியம் வகைக்கும், கொலாஜனைத் தூண்டும் பாலிலாக்டிக் அமில வகைக்கும் அந்த வழி கிடையாது. சிலிக்கான் போன்ற நிரந்தரப் பொருள்களை முகத்தில் செலுத்த ஒத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. வருடங்கள் கழித்துக் கட்டியாகத் திரண்டு வந்தால் எடுப்பது மிகவும் கஷ்டம்.

ஃபில்லரால கண்ணே போயிடும்னு படிச்சேன். உண்மையா?

அரிது, ஆனால் உண்மை. ஊசி முனை தெரியாமல் ஒரு ரத்தக்குழாய்க்குள் போய் ஜெல் அடைத்துக்கொண்டால், அந்தக் குழாய் ரத்தம் கொடுத்த தோல் செத்துப்போகலாம். முகத்தின் சில குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருக்கின்றன. அந்த வழியாக ஜெல் பின்னோக்கிப் போனால் பார்வை பறிபோகும். புருவ நடுவும் மூக்கும் மிக ஆபத்தான இடங்கள்.

போடும்போதோ பிறகோ தாங்க முடியாத வலி, தோல் திடீரென வெளுத்துப்போவது, வலை போட்டது போல் நீலமும் சிவப்புமாகத் திட்டுகள், பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். பார்வை விஷயத்தில் கணக்கு நிமிடங்களில்தான். அதனால்தான் வருகிற எல்லாரிடமும் ஒன்று சொல்கிறேன். ஊசி போடும் இடத்தில் ஹயலூரானிடேஸ் கைவசம் இருக்கிறதா, அதைச் செலுத்தத் தெரிந்தவர் அங்கேயே இருப்பாரா என்று கேளுங்கள். அழகு நிலையத்திலோ யாரோ ஒருவர் வீட்டிலோ போட்டுக்கொள்ளாதீர்கள். கேள்வியைக் கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹைஃபு மெஷின் ஆபரேஷன் மாதிரியே தூக்கும்னு விளம்பரத்தில சொல்றாங்க. நம்பலாமா?

ஆபரேஷன் மாதிரி தூக்காது. ஹைஃபு ஒலியலைகளைத் தோலுக்கு அடியில், சுமார் 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை, ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்கே 60 டிகிரிக்கு மேல் சூடேறி, திசு சுருங்கி, பிறகு மெல்லப் புதுக் கொலாஜன் உண்டாகும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும். லேசான தளர்ச்சிக்கு லேசான இறுக்கம் கிடைக்கும், அவ்வளவுதான். ஒருவருக்கு நன்றாக வேலை செய்வது இன்னொருவருக்குக் கண்ணுக்கே தெரியாமல் போவதும் உண்டு.

ஏற்கெனவே கன்னம் ஒட்டிய முகத்தில் சூடு கொடுக்கும் கருவிகளை யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். இருக்கிற கொஞ்சக் கொழுப்பும் கரைந்துவிட்டால் முகம் இன்னும் வாடும். ரேடியோ அலையோடு நுண்ணூசி சேர்ந்த கருவிகளிலும் தவறான கையில் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு நேர்ந்திருக்கிறது.

நூல் வச்சுத் தூக்கினா எத்தனை நாள் நிக்கும்?

பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டி. அதிகம் பயன்படும் வகை நூல் ஆறு மாதம் போல உடம்பில் கரைந்துவிடும். அது விட்டுச் செல்லும் நார்த்திசுதான் பிறகு கொஞ்ச நாள் பிடித்திருக்கும். கன்னத்தில் குழி விழுவது, நூல் நுனி வெளியே தெரிவது, இரண்டு பக்கமும் சமமில்லாமல் போவது எல்லாம் நடப்பவைதான். மிஞ்சிய தோலை நூல் எங்கேயும் எடுத்துப்போவதில்லை, ஒரு மடிப்பாக நகர்த்தி வைக்கிறது. மெல்லிய தோல், லேசான தொங்கல், ஒரு வருடத்துக்குத் திருப்தி போதும் என்ற தெளிவு மூன்றும் இருந்தால் செய்துகொள்ளலாம்.

லேசர், பீல் பண்ணினா தொங்கல் போகுமா? என் தோல் கறுப்பு, ஏதும் ஆகுமா?

தொங்கல் போகாது. நுண்கோடு, வெயில் திட்டு, தோலின் சொரசொரப்பு இவற்றுக்குத்தான் அவை. ஃபேஸ்லிஃப்டால் செய்ய முடியாத வேலையும் இதுவே.

மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் கூடுதல் கவனம் வேண்டும். ஆழமான லேசரோ பீலோ செய்த இடம் ஆறும்போது கறுத்துத் திட்டாகி, மாதக் கணக்கில் போகாமல் இருக்கலாம். உங்கள் நிறத்தில் இருப்பவர்களுக்குச் செய்து பழகியவரா என்று கேளுங்கள். சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சன்ஸ்கிரீன் பூசும் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் அதைப் பழகிவிட்டு வருவது நல்லது.

ஃபேஸ்லிஃப்ட்ல தோலை இழுத்து வெட்டித் தைக்கிறதுதானே?

ஒரு காலத்தில் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலை மட்டும்தான் இழுத்தார்கள். தோல் இழுபடும் பொருள். பாரத்தை அதன் மேல் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி தளரும், தழும்பும் அகலும். காற்றில் நிற்பது போன்ற இழுபட்ட முகம் வந்தது அதனால்தான். 1974-ல் ஸ்வீடனின் டோர்ட் ஸ்கூக் தோலோடு அடி அடுக்கையும் சேர்த்துத் தூக்கும் முறையை வெளியிட்டார். 1976-ல் பாரிசில் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு மருத்துவர்கள் தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் அந்த உறுதியான அடுக்கைத் தெளிவாக விவரித்தார்கள். ஸ்மாஸ் என்று அதைச் சொல்கிறார்கள். 1990-ல் அமெரிக்க சர்ஜன் சாம் ஹாம்ரா இன்னும் ஆழமாகப் போகும் டீப் பிளேன் முறையை வெளியிட்டார்.

இன்று பாரத்தைத் தாங்குவது அந்த ஸ்மாஸ் அடுக்குதான். காதுக்கு முன்னால் தொடங்கி, காதைச் சுற்றிப் பின்பக்க முடிக்குள் போகும் கீறல். கழுத்துக்குத் தேவையானால் தாடைக்கு அடியில் இன்னொரு சின்னக் கீறல். உள்ளே இறங்கிய அடுக்கைத் தூக்கித் தைத்து, மேலே தோலை இழுக்காமல் படிய வைத்து, மிஞ்சியதை மட்டும் வெட்டுவார்கள். பல மணி நேரம் பிடிக்கும். முழு மயக்கத்திலோ, மரத்துப்போகும் ஊசியோடு அரைத்தூக்கத்திலோ செய்வார்கள்.

அப்போ ஃபேஸ்லிஃப்ட் பண்ணினா முகம் முழுக்கச் சரியாயிடுமா?

ஆகாது. தாடைக்கோடு, கழுத்து, கன்னத்தின் கீழ்ப்பகுதி இந்த மூன்றிலும் அதற்கு ஈடு வேறில்லை. கழுத்தில் நாண் போல எழும்பும் தசைப்பட்டைகளுக்கும் அதுவே நல்ல வழி. நெற்றி, இமை, உதட்டுக்கு மேல் வரும் நுண்கோடுகள், நிறத்திட்டுகள் இவற்றைத் தொடவே தொடாது. இமைக்குத் தனி ஆபரேஷன். புருவக் கோட்டுக்குப் பிறகும் போட்டாக்ஸ்தான். வற்றிய இடத்துக்கு, வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து அதே நேரத்தில் நிரப்புவதும் உண்டு. அதில் ஒரு பங்குதான் தங்கும்.

ஊசியா கத்தியா என்று எதிரெதிராக வைத்துக் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒரே குறைக்கான இரண்டு மருந்துகள் இல்லை. தொங்கலுக்கு ஆபரேஷனும் மேற்பரப்புக்கு லேசரும் என்று இரண்டையும் செய்துகொண்டவர்கள்தான் பெரும்பாலும் மனம் நிறைந்து போகிறார்கள்.

மினி ஃபேஸ்லிஃப்ட்ன்னா ஆபத்து கம்மியா?

கீறல் சிறியது, ஆறுவது சீக்கிரம், பலனும் சிறியது. கழுத்துக்கு அதிகம் உதவாது. இந்தப் பெயருக்கு ஒரே வரையறை இல்லாததால், "எந்த அடுக்கைத் தூக்குவீர்கள், தழும்பு எது வரை வரும்" என்று டாக்டரிடம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தோலை மட்டும் இழுப்பதாகச் சொன்னால் மேலே சொன்ன பழைய கதைதான். "தழும்பே இருக்காது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கீறல் போட்டால் தழும்பு உண்டு. நல்ல கையில் அது காதின் மடிப்பிலும் முடியிலும் ஒளிந்திருக்கும்.

எத்தனை நாள் வீட்டுக்குள்ளயே இருக்கணும்?

வெளியே போய் நாலு பேரைப் பார்க்க இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கட்டு, சிலருக்கு ரத்தம் வடிய ஒரு குழாய். 5 முதல் 10 நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். வலியைவிட இறுக்கமும் வீக்கமும்தான் படுத்தும். தலையை உயர்த்தித் தூங்க வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. வீங்கி, நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் சிறிதாகத் தெரியும்போது "ஏன்தான் செய்துகொண்டேனோ" என்று தோன்றும். அந்த வாரத்து முகம் முடிவான முகம் இல்லை. கூட இருக்க ஒரு ஆளை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உருவம் படிய மூன்று முதல் ஆறு மாதம், தழும்பு மங்க ஒரு வருடம் வரை ஆகும். காது மடலும் கன்னமும் மாதக் கணக்கில் மரத்திருப்பதும் சகஜம்.

ஊசிகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. நீலம் பாய்ந்தால் ஒன்று இரண்டு வாரம். ஆழமான லேசர் என்றால் ஒன்று இரண்டு வாரம் சிவந்து உரியும்.

மூணு வாரத்தில வீட்டில கல்யாணம். அதுக்குள்ள எதாவது பண்ண முடியுமா?

போட்டாக்ஸ் இப்போதே போட்டால் சரியாக வரும். முதல்முறை ஃபில்லர் போடுவதாக இருந்தால், எனக்குப் பிடித்த கணக்கு குறைந்தது ஒரு மாதம். ஹைஃபு அதற்குள் பலன் தராது. ஃபேஸ்லிஃப்டுக்கு ஆறு மாதமாவது முன்பே வந்திருக்க வேண்டும். நாள் நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் ஆபரேஷன் முடிவை எடுக்காதீர்கள்.

ஆபரேஷன்ல என்ன ஆபத்து? வாய் கோணிடுமா?

அதிகம் நேர்வது தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவது. நூற்றில் சிலருக்கு நேரும், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் உடனே கூப்பிட வேண்டும், ராத்திரி என்று பார்க்கக் கூடாது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக நேரும். அதனால் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் தேதி குறிப்பார்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்காகத் தரும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்று அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாய் கோணுவது என்றால் முக நரம்பு பாதிப்பு. பெரும்பாலும் தற்காலிகம், வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தொற்று, தழும்பு தடிப்பது, முடிக்கோடு நகர்வது ஆகியவையும் உண்டு. தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் அதைக் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். ஃபில்லரின் ஆபத்தை மேலே சொன்னேன். கத்தி இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் ஆபத்தின் வகை வேறு.

ஆபரேஷன் அன்னைக்கு மட்டும் சிகரெட்டை விட்டா போதாதா?

போதாது. தூக்கிய தோலுக்கு ஓரத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் மட்டும்தான் ரத்தம் தருகின்றன. நிக்கோட்டின் அவற்றைச் சுருக்கிவிட்டால் காதுக்குப் பின்னால் தோல் கறுத்துச் செத்துப்போகும். 1984-ல் வந்த ஓர் ஆய்வில் புகைப்பவர்களுக்கு இப்படி ஆவது ஏறக்குறைய 12 மடங்கு அதிகமாக இருந்தது. முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள். வேப் என்ற மின்சிகரெட், நிக்கோட்டின் பேட்ச் இரண்டும் இதே கணக்குதான். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பிடிக்கிறவர்கள் என்னிடம் மட்டுமாவது சொல்லுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போடுவோம், திட்ட மாட்டோம்.

ஒரு தடவை பண்ணினா எத்தனை வருஷம் தாங்கும்?

7 முதல் 10 வருடம் என்பது பொதுவான கணக்கு. அதற்குப் பிறகு "கெட்டுப்போய்விடும்" என்று அர்த்தம் இல்லை. கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறோம், அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பத்து வருடம் கழித்தும், செய்யாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பீர்களோ அதைவிடச் சீராகத்தான் இருப்பீர்கள். வெயில், புகை, எடை ஏறி இறங்குவது மூன்றும் அந்தக் கணக்கைக் குறைக்கும்.

எந்த வயசில பண்ணலாம்? எனக்கு 42, அம்மாவுக்கு 71.

வயதை வைத்து முடிவு செய்வதில்லை. தொங்கலையும் உடல்நிலையையும் வைத்துத்தான். செய்துகொள்பவர்களில் அதிகம் பேர் 40-களின் கடைசியிலிருந்து 60-கள் வரை இருக்கிறார்கள். 71 வயதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, இதயம் நன்றாக இருந்தால் செய்யலாம். 42-ல் தொங்கலே இல்லாமல், "முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாமே" என்று கேட்டால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்லாத குறைக்குத் தழும்பு எதற்கு?

கூட்டிப் பார்த்தா எதுக்குச் செலவு கம்மி?

ஒரு நாளைக்குக் கொடுக்கும் பணத்தைப் பார்த்தால் ஊசி. பத்து வருடக் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. வருடத்துக்கு மூன்று போட்டாக்ஸ், ஒரு ஃபில்லர், ஒரு ஹைஃபு என்று பத்தால் பெருக்கிப் பாருங்கள். பல பேருக்கு அது ஆபரேஷன் செலவைத் தொட்டுவிடும், சிலருக்குத் தாண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த ஊசிகள் செய்யும் வேலையை ஆபரேஷன் செய்யாது. புருவக் கோட்டுக்குப் போடும் போட்டாக்ஸ் ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகும் தொடரும். தொங்கலை மறைப்பதற்காக மட்டும் போடும் ஃபில்லர், நூல், கருவி இவற்றின் செலவை மட்டும் எடுத்து ஆபரேஷனோடு ஒப்பிடுங்கள். அதுதான் சரியான கணக்கு. ஆபரேஷன் பக்கத்தில் மயக்க மருந்து, தங்கும் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போ ஊசி, நூல்னு ஓட்டிட்டு பத்து வருஷம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம்ல?

பண்ணலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அளவான போட்டாக்ஸும் ஃபில்லரும் தடையில்லை. திரும்பத் திரும்ப நூல் வைத்ததும், ஆழமாகச் சூடு கொடுத்ததும் உள்ளே அடுக்குகளை ஒட்ட வைத்திருக்கலாம். அப்போது சர்ஜனுக்கு அடுக்குகளைப் பிரிப்பது சிரமம். எப்போது, எங்கே, என்ன பொருள் போட்டீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஃபில்லர் டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி அதில் ஒட்டுங்கள். பத்து வருடம் கழித்து "என்னமோ ஒரு ஜெல்" என்ற பதில் யாருக்கும் உதவாது.

ஆம்பளைங்களுக்கும் இதே மாதிரிதானா?

சில வித்தியாசம் உண்டு. தாடிக்காக ஆண்களின் கன்னத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் ரத்தம் கட்டும் வாய்ப்பும் அதிகம். தாடி முளைக்கும் தோல் காதுப் பக்கம் நகரும்போது காதையொட்டிச் சவரம் செய்ய வேண்டிவரும். கிருதாவைக் கணக்கில் வைத்துத்தான் கீறலைக் குறிப்பார்கள்.

20 கிலோ குறைச்சேன், முகம் வத்திப்போச்சு. உடனே பண்ணலாமா?

எடை ஒரே நிலையில் ஆறு மாதமாவது நிற்கட்டும். எடைக்குறைப்பு ஊசி போட்டுக் குறைத்தவர்களுக்கும் இதையே சொல்வேன். வேகமாகக் குறைத்த முகத்தில் வற்றலும் மிஞ்சிய தோலும் சேர்ந்தே இருக்கும். மூன்றாவது கேள்வியில் சொன்ன விரல் சோதனையைச் செய்து பாருங்கள். வற்றல் அதிகமென்றால் நிரப்பல், தோல் அதிகமென்றால் ஆபரேஷன், பலருக்கு இரண்டும். அந்த ஊசியை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் மயக்கம் கொடுக்கும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வயிற்றில் உணவு அதிக நேரம் தங்கும் என்பதால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நல்ல டாக்டர்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? போட்டோ எல்லாம் பார்த்தா நல்லாத்தான் இருக்கு.

போட்டோவில் முன்னும் பின்னும் ஒரே வெளிச்சமா, ஒரே கோணமா, தாடை ஒரே உயரத்திலா என்று பாருங்கள். முன் படத்தில் குனிந்து சோகமாக, பின் படத்தில் நிமிர்ந்து சிரித்து, மேக்கப்போடு இருந்தால் அந்தப் படம் எதையும் சொல்லவில்லை. பக்கவாட்டுப் படமும், ஒரு வருடம் கழித்து எடுத்த படமும் கேளுங்கள். காதோரம் தெரிகிற படம் கேளுங்கள்.

ஃபேஸ்லிஃப்டுக்கு அதில் முறையாகப் பயிற்சி பெற்ற சர்ஜன்தான் வேண்டும். "போன வருடம் எத்தனை செய்தீர்கள், ரத்தம் கட்டினால் ராத்திரி யார் வருவார்கள், எனக்கு எது செய்யக் கூடாது" என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை நான் மிகவும் மதிப்பேன். கையில் ஊசி மட்டும் இருப்பவர் எல்லாக் குறைக்கும் ஊசியைச் சொல்லக்கூடும், ஆபரேஷன் மட்டும் செய்பவர் ஆபரேஷனைச் சொல்லக்கூடும். அதனால் இரண்டு வகை டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்தில் கட்டாதீர்கள்.

எல்லாம் பண்ணிட்டேன் சிஸ்டர், இன்னும் கண்ணாடி பார்த்தா பிடிக்கலை. அடுத்து என்ன பண்ணலாம்?

இந்தக் கேள்வி வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உங்களுக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதையே நினைக்கிறீர்கள், அதனால் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா என்று கேட்பேன். ஆமாம் என்றால் அது மனநல மருத்துவம் பார்க்கும் ஒரு நிலை, அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. இன்னொரு ஊசியோ ஆபரேஷனோ அதைத் தீர்க்காது, பெரும்பாலும் கூட்டிவிடும்.

அப்படி இல்லாமல் செய்த வேலையிலேயே குறை என்றால் வழி வேறு. ஃபில்லர் ஹயலூரானிக் வகையாக இருந்தால் கரைத்துவிட்டு, சில வாரம் விட்டு, வெறும் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். போட்டாக்ஸ் என்றால் காத்திருந்தாலே போதும். ஃபேஸ்லிஃப்ட் என்றால் ஆறு மாதமாவது, தழும்பு விஷயமென்றால் ஒரு வருடமாவது கழித்துத்தான் மறுபடி கை வைப்பார்கள். அதுவரை செய்த டாக்டரிடமே மாதம் ஒருமுறை போய்க் காட்டுங்கள். அவரிடம் பேச மனமில்லை என்றால், ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கிக்கொண்டு வேறொருவரைப் பாருங்கள். நகல் கேட்பது உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.